எம்பிஏவுக்கு எப்போது போவது? கடலூர், புதுச்சேரி இளம் இன்ஜினியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பி.இ. கடைசி செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூ கைகூடாவிட்டால் வீட்டில் அடுத்து வரும் பேச்சு, "பேசாம எம்பிஏ சேர்ந்துடு" என்பதுதான். வேலை கிடைத்து, சிப்காட்டில் ஒரு வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்து அலுத்துப்போனாலும் அதே பேச்சுதான் வரும். எம்பிஏ சேர்வதற்கு இந்த இரண்டும் மோசமான நேரங்கள். முதலாமவர் கையில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போகிறார். இரண்டாமவர் மேனேஜர் மேல் உள்ள கோபத்தில் இருபது லட்சம் கடன் வாங்கப் பார்க்கிறார்.

வயதையும் அலுப்பையும் வைத்து நாள் குறிக்காமல், வேண்டிய பதவியிலிருந்து பின்னோக்கி எண்ணி நாள் குறிப்பது எப்படி என்று இங்கே பார்க்கலாம்.

படி 1: பதவியைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

"மேனேஜ்மென்ட் பக்கம் போகணும்" என்பது பதவி ஆகாது. வேலைவாய்ப்புத் தளங்களில் நீங்கள் ஐந்து வருஷம் கழித்துப் பார்க்க விரும்பும் வேலைக்கான விளம்பரங்களில் ஒரு பதினைந்தைத் திறந்து, தகுதி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று தனித்தாளில் குறியுங்கள். எம்பிஏ கட்டாயம் என்று எத்தனை, இருந்தால் நல்லது என்று எத்தனை, பேச்சே இல்லாதவை எத்தனை என்று எண்ணினால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

பொதுவாகப் பார்த்தால் கன்சல்டிங், முதலீட்டு வங்கி, நுகர்பொருள் நிறுவனங்களில் பிராண்ட் வேலை, பெரிய குழுமங்களின் மேனேஜ்மென்ட் டிரெய்னி பணி ஆகியவற்றின் கதவு பெரும்பாலும் நல்ல பிசினஸ் ஸ்கூலின் கேம்பஸ் வழியாகத்தான் திறக்கும். மென்பொருள் நிறுவனத்தில் ப்ராடக்ட் மேனேஜர் ஆவதற்கு எம்பிஏ ஒரு வழி; உள்ளேயே நகர்ந்து போவது இன்னொரு வழி.

கெமிக்கல் ஆலையில் புரொடக்‌ஷன் மேனேஜராக வேண்டும் என்பவர் கதை வேறு. அங்கே எம்பிஏவைவிட வேறு காகிதங்களுக்கு மதிப்பு அதிகம். பாய்லர் உள்ள ஆலையில் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் சான்றிதழ் வைத்திருப்பவருக்குத் தனி மரியாதை. பாதுகாப்புப் பிரிவுக்குப் போக நினைப்பவருக்குத் தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ வேண்டும். சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் அது நடக்கிறது. நெய்வேலி என்எல்சியில் நிர்வாகப் பயிற்சியாளராக நுழைய கேட் மதிப்பெண் கேட்டுப் பல அறிவிப்புகள் வந்திருக்கின்றன. இந்த 'கேட்' (GATE) இன்ஜினியர்களுக்கான தேர்வு. எம்பிஏவுக்கான 'கேட்' (CAT) வேறு. உச்சரிப்பு ஒன்றாக இருப்பதால் வீட்டில் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். இந்தக் கட்டுரையில் இனி கேட் என்று வருவதெல்லாம் ஐஐஎம்கள் (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) நடத்தும் தேர்வுதான்.

விளம்பரங்களை எண்ணிய பிறகும் எம்பிஏ தேவையில்லை என்று தெரிந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் நல்ல முடிவுதான்.

படி 2: வேலை மாதங்களை எண்ணுங்கள்

வருஷக் கணக்கு உதவாது. மாதக் கணக்கில் பாருங்கள். பட்டம் முடித்தபின் சம்பளத்துடன் பார்த்த முழுநேர வேலை மட்டுமே கணக்கு. படிக்கும்போது செய்த இன்டர்ன்ஷிப் சேராது. டிரெய்னி என்ற பெயரில் இருந்தாலும் முழுநேரம், முழுச்சம்பளம் என்றால் பொதுவாகச் சேரும். அப்பாவின் முந்திரி கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று பண்ருட்டிக்காரர் சொன்னால், சம்பளம் வங்கி வழியாக வந்ததற்கும் நிறுவனம் ஜிஎஸ்டி, வருமான வரி கட்டியதற்கும் காகிதம் கேட்பார்கள். இதை முதல் மாதத்திலிருந்தே சரியாக வைத்துக்கொள்ளவும். பின்தேதியிட்டு உருவாக்கினால் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

பூஜ்யத்திலிருந்து 11 மாதம் வரை: இரண்டாண்டு எம்பிஏவுக்குப் போகலாம், தடை ஏதும் இல்லை. கேட் எழுதப் பட்டத்தில் 50 விழுக்காடு இருந்தால் போதும் (எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45). கடைசி ஆண்டு மாணவரும் எழுதலாம், வயது வரம்பும் கிடையாது. ஆனால் பல ஐஐஎம்கள் அனுபவத்துக்கு மதிப்பெண் தருகின்றன. ஐஐஎம் அகமதாபாத்தின் அண்மை ஆண்டுகளின் விதிகளில் 12 மாதத்துக்குக் கீழே உள்ள அனுபவத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. அதன்பின் மாதம் ஏற ஏற உயர்ந்து 36 மாதத்தோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 90-ஐத் தொட்டவர் மட்டும் அனுபவம் இல்லாமல் முயன்றால் பரவாயில்லை. மற்றவர்களுக்கு அந்தப் பழைய மதிப்பெண்களை இனி மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை அனுபவமும் கேட் மதிப்பெண்ணும்தான்.

24 முதல் 36 மாதம் வரை: நம் பகுதி இன்ஜினியர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான காலம். ஒரு ஆலையின் முழு ஆண்டுச் சுழற்சியை இரண்டு முறையாவது பார்த்திருப்பார்கள்: வருடாந்திர ஷட்டவுன், ஆடிட், மழைக்கால நெருக்கடி, ஆண்டு இறுதி டார்கெட் எல்லாம் இதில் அடக்கம். கேம்பஸில் ஆள் எடுக்க வரும் நிறுவனங்களும் இந்த அனுபவத்தை விரும்புகின்றன. 45 மாதத்துக்கு மேல் போனால் இரண்டாண்டுப் படிப்பின் பயன் குறையத் தொடங்கும். பக்கத்து இருக்கையில் அனுபவமே இல்லாதவர் இருப்பார். இருவருக்கும் அதே வேலை, அதே சம்பளம்.

48 முதல் 60 மாதத்தைத் தாண்டியவர்கள் ஓராண்டுப் படிப்புகளைப் பார்க்க வேண்டும். ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸுக்குக் குறைந்தது நான்கு வருஷ அனுபவம், ஐஐஎம் பெங்களூருவின் இபிஜிபிக்கு ஐந்து வருஷம். இவற்றுக்குப் பொதுவாக ஜிமேட் அல்லது ஜிஆர்இ என்ற சர்வதேச நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வேண்டும். ஐதராபாத், மொஹாலியில் உள்ள ஐஎஸ்பியின் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) முதன்மைப் படிப்பும், ஈசிஆரில் மணமை அருகே உள்ள கிரேட் லேக்ஸின் ஓராண்டுப் படிப்பும் இரண்டு வருஷ அனுபவத்தோடே ஆள் எடுப்பவை. அதனால் 24 மாதம் முடித்தவருக்கு இரண்டாண்டா, ஓராண்டா என்று இரண்டு வழியும் திறந்திருக்கும். துறையை மாற்ற நினைப்பவர் இரண்டாண்டு எடுப்பது நல்லது, ஏனென்றால் நடுவில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் இருக்கும். புதுத் துறையில் காலூன்ற அந்த எட்டு வாரம்தான் படிக்கட்டு. இருக்கும் துறையிலேயே மேலே ஏற நினைப்பவருக்கு ஓராண்டு போதும்.

கடைசி ஆண்டு மாணவர்களுக்கு ஒரு நடுவழியும் உண்டு: இப்போதே இடம் பிடித்துவிட்டு, சில வருஷம் வேலை பார்த்தபின் சேர்வது. ஹார்வர்டின் டூ பிளஸ் டூ இந்த வகை. ஐஐஎம்களில் கிடைத்த இடத்தைத் தள்ளிவைப்பது பொதுவாக நடக்காத காரியம். "இந்த வருஷம் சீட்டு வாங்கி வச்சிட்டு அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 3: அந்த மாதங்களில் எதைச் சேர்ப்பது

இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, பயோடேட்டாவில் "ஷிஃப்ட் இன்ஜினியர், உற்பத்திப் பிரிவு, ஆட்களை மேற்பார்வை செய்தல்" என்று மூன்று வரி எழுதுவார்கள். இன்டர்வியூவில் உட்காருபவருக்கு இதிலிருந்து கேள்வி எதுவும் பிறக்காது.

வேலையில் சேர்ந்த முதல் மாதமே ஒரு நோட்டுப் போடுங்கள். வாரம் ஒருமுறை நான்கு விஷயம் குறியுங்கள்: எந்தப் பிரச்சினை வந்தது, அதற்கு முன் இருந்த எண் என்ன, நீங்கள் செய்தது என்ன, பின் வந்த எண் என்ன. உதாரணத்துக்கு ஒரு பேட்ச் ரியாக்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு சரக்கு முடிந்து அடுத்த சரக்கு ஏற்றுவதற்குள் கழுவிக் காயவைக்க 9 மணி நேரம் ஆகிறது. சால்வென்ட் டிரம் ஸ்டோரில் இருந்து வரத் தாமதம், லேப் ரிசல்ட் வரக் காத்திருப்பு என்று அதைப் பிரித்துப் பார்த்து, லேப் சாம்பிளை முன்கூட்டியே எடுக்க வைத்து 6 மணி நேரமாகக் குறைத்தால், மாதத்தில் எத்தனை பேட்ச் கூடுதலாக வரும், அதன் விலை என்ன என்று கணக்குப் போடலாம். "கழுவும் நேரத்தை 9 மணியிலிருந்து 6 மணியாகக் குறைத்தேன், மாதம் இரண்டு பேட்ச் கூடுதல்" என்ற ஒரு வரி, அந்த மூன்று வரியைவிட எடையானது. நிறுவனத்தின் ரகசிய எண்களை வெளியே சொல்லக் கூடாது. விழுக்காடாக மாற்றிச் சொல்லலாம்.

ஆலைக்கு வெளியேயும் கொஞ்சம் பார்த்து வையுங்கள். உங்கள் சரக்கை யார் வாங்குகிறார், கிலோ என்ன விலை, மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, சீனாக்காரன் என்ன விலைக்குத் தருகிறான், கழிவுநீர் எங்கே போகிறது. பர்ச்சேஸ் செக்‌ஷன் அண்ணனோடு நாலு முறை டீ குடித்தால் இதில் பாதி தெரிந்துவிடும். மென்பொருள் வேலையில் இருப்பவருக்கும் இதே கேள்விகள்தான்: உங்கள் கிளையன்ட் எதற்குப் பணம் தருகிறார், நீங்கள் எழுதும் கோட் நின்றால் அவருக்கு என்ன நஷ்டம்?

படி 4: பணக் கணக்கு

பழைய ஐஐஎம்களில் இரண்டாண்டுக் கட்டணம் இப்போது 25 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. சில இடங்களில் அதையும் தாண்டிவிட்டது. கணக்குக்காக 20 லட்சம் கடன், 10 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டருக்கு 5 லட்சமாக நான்கு தவணையில் வங்கி தருகிறது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாம் ஆண்டு முடிவில் தனிவட்டியே 4.5 லட்சம் சேர்ந்து கடன் 24.5 லட்சமாக நிற்கும். பத்து வருஷத்தில் கட்டினால் மாதம் சுமார் 32,400 ரூபாய். ஏழு வருஷம் என்றால் சுமார் 40,700.

இந்தத் தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் அளவுகோல். 32,400-க்கு மூன்று மடங்கு சுமார் 97,000. அது கைக்கு வர ஆண்டுக்கு 15, 16 லட்சம் சிடிசியாவது (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) வேண்டும். சிடிசி என்று சொல்வதில் போனஸ், பிஎஃப், இன்சூரன்ஸ் எல்லாம் ஒளிந்திருக்கும். கைக்கு வருவது வேறு.

கல்லூரி வெளியிடும் எண்களில் "அதிகபட்சச் சம்பளம்" என்பதை அடித்துவிடுங்கள். "சராசரி"யையும் நம்பாதீர்கள், இரண்டு பேருக்கு 60 லட்சம் கிடைத்தால் மொத்தச் சராசரியும் ஏறிவிடும். கேட்க வேண்டியது மீடியன், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம். வேலை கிடைக்காதவர்களையும் சேர்த்து எண்ணினார்களா என்றும் கேளுங்கள். சில நிறுவனங்கள் தணிக்கை செய்த அறிக்கையே வெளியிடுகின்றன. கேட்டும் தராத கல்லூரியின் மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

விடும் சம்பளத்தையும் சேருங்கள். மாதம் 32,000 கைக்கு வருபவர் இரண்டு வருஷத்தில் விடுவது 7.68 லட்சம். வீட்டுக்கு மாதம் 15,000 அனுப்புபவர் என்றால், அந்த 3.6 லட்சம் யார் தருவார் என்பது தனிக் கேள்வி. தங்கை கல்யாணம், அப்பா ஓய்வுபெறும் வருஷம் இரண்டையும் காலண்டரில் எழுதி வைத்துவிட்டு நாள் குறியுங்கள். பெண்களுக்கு இந்த இடத்தில் வேறொரு நெருக்கடி வரும்: வரன் பார்க்கத் தொடங்கியபின் "படிப்பு அப்புறம்" என்பார்கள். அட்மிஷன் கடிதம் கையில் இருந்தால் அந்தப் பேச்சு நடப்பதே வேறு மாதிரி. அதனால் பெண்கள் 24 மாதத்தையே இலக்காக வைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

செலவு குறைந்த நல்ல இடங்களும் உண்டு. திருச்சி என்ஐடியின் மேலாண்மைத் துறை கேட் மதிப்பெண்ணில்தான் சேர்க்கிறது. கட்டணம் ஐஐஎம்மோடு ஒப்பிட்டால் சிறு பகுதி. டெல்லி பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பிரிவான எஃப்எம்எஸ்ஸும் அப்படியே. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் கையைக் கடிக்காது. எந்தத் தேர்வு மதிப்பெண் கேட்கிறார்கள் என்பதை மட்டும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளவும். கட்டணம் குறைவான இடத்துக்குப் போகும்போது படி 2-இல் சொன்ன மாதக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம். தவறினாலும் அடி சின்னது. எட்டு லட்சம் வாங்கிக்கொண்டு, வேலை என்று வரும்போது பழைய சம்பளத்தையே தரும் இடத்துக்கு எந்த மாதமும் சரியான மாதம் இல்லை.

படி 5: கடன் காகிதங்கள்

அட்மிஷன் வந்தபின் வங்கிக்குப் போகலாம் என்று இருப்பவர்கள் மே மாதத்தில் அலைவார்கள். கேட் எழுதி முடித்த கையோடு டிசம்பரிலேயே தொடங்குங்கள்.

பெரிய பிசினஸ் ஸ்கூல்களுக்கு வங்கிகள் தனிப் பட்டியல் வைத்துள்ளன. அதில் உள்ள கல்லூரி என்றால் அடமானம் இல்லாமலே பெரிய தொகை கிடைக்கும். பட்டியலில் இல்லாத கல்லூரிக்கு 7.5 லட்சத்தைத் தாண்டினால் அடமானம் கேட்பார்கள். இங்கேதான் நம் ஊர் சிக்கல்கள். விவசாய நிலத்தைப் பெரும்பாலான வங்கிகள் ஏற்பதில்லை. வீடு தாத்தா பெயரிலேயே இருந்து பாகப்பிரிவினை ஆகவில்லை என்றால் வக்கீல் கருத்து எதிராக வரும். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு அடமானம் வைக்கச் சொந்த வீடே இருக்காது. பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது நான்கையும் ஜனவரிக்குள் எடுத்து வையுங்கள். பெயர் எழுத்துக்கள் நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். மதிப்பீட்டாளர், வக்கீல் கட்டணம் உங்கள் செலவுதான்.

இணை விண்ணப்பதாரராக அப்பா இருப்பார். அவர் அந்த வருஷம் ஓய்வுபெறுகிறார் என்றால் ஓய்வுக்கு முன் அனுமதி வாங்குவது எளிது.

2024 நவம்பரில் அறிவித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த உயர்தர நிறுவனங்களில் சேர்பவருக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை வட்டியில் 3 விழுக்காடு மானியமும் உண்டு. படிக்கும்போதே மாத வட்டியைக் கட்டிவந்தால் சில வங்கிகள் வட்டியைக் கொஞ்சம் குறைக்கும். கடனைக் கேட்கும்போதே இதையும் கேளுங்கள். கல்விக் கடன் வட்டிக்கு 80இ பிரிவில் எட்டு ஆண்டுகள் வரை வரிக்கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்தான்.

படி 6: பின்னோக்கி எண்ணிய காலண்டர்

2025 ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தவரை எடுத்துக்கொள்வோம். 2028 ஜூனில் வகுப்பில் உட்கார்ந்தால் 35 மாத அனுபவம் இருக்கும். அதற்கு 2027 நவம்பரில் கேட் எழுத வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பம். தேர்வுக்கான படிப்பை அந்த ஆண்டு பிப்ரவரி அல்லது மார்ச்சில் தொடங்க வேண்டும். அனுபவத்தை எண்ணும்போது வகுப்பு தொடங்கும் நாள் வரை எண்ண மாட்டார்கள். பொதுவாக விண்ணப்பிக்கும் ஆண்டின் ஜூலை கடைசி வரைதான். அப்படிப் பார்த்தால் இவருக்குக் கணக்கில் வருவது 24 மாதம். இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் ஒரு வருஷம் முந்தி எழுதி, கணக்கில் 12 மாதத்தோடு நிற்கிறார்கள்.

கேட் தவிர வேறு எம்பிஏ நுழைவுத் தேர்வுகளும் உண்டு: ஜனவரி தொடக்கத்தில் சாட் (XAT), டிசம்பரில் ஸ்னாப் (SNAP), தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட். டான்செட் அண்மை ஆண்டுகளில் மார்ச்சில் நடந்திருக்கிறது. கேட் மதிப்பெண் அடுத்த ஆண்டு டிசம்பர் 31 வரைதான் செல்லும். ஜிமேட், ஜிஆர்இ ஐந்து வருஷம் செல்லும். கல்லூரியில் இருக்கும்போதே கணக்கு நன்றாக வருபவர் கடைசி ஆண்டில் ஜிமேட் எழுதி வைத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்துப் பயன்படுத்தலாம். யாரும் அதிகம் சொல்லாத நல்ல உத்தி இது.

படி 7: ஷிஃப்டில் இருந்துகொண்டு படிப்பது

கேட் மொத்தம் இரண்டு மணி நேரம். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். 2024-இல் 68 கேள்விகள்: ஆங்கிலத்தில் 24, தரவு விளக்கமும் தர்க்கமும் 22, கணிதம் 22. சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுத்த விடைகளில் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 போகும். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்வியில் தவறினால் எதுவும் போகாது. மொத்த மதிப்பெண்ணில் பாதிகூட எடுக்காதவர்கள் 99 பர்சென்டைல் (எழுதியவர்களில் 99 விழுக்காட்டினரைவிட மேலே) வாங்கியிருக்கிறார்கள். எல்லாக் கேள்வியையும் தொட்டே தீர வேண்டும் என்ற அண்ணா யுனிவர்சிட்டிப் பழக்கம் இங்கே கெடுத்துவிடும். விடத் தெரிவதும் தேர்வின் ஒரு பகுதி.

ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பவர் "தினம் மூன்று மணி நேரம்" என்று அட்டவணை போட்டால் இரண்டாவது வாரமே உடையும். காலை 6 மணி ஷிஃப்ட் வாரத்தில் மாலையில் 40 நிமிடத் துண்டுகள் மூன்று போடுங்கள். பிற்பகல் 2 மணி ஷிஃப்ட் வாரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் சிறந்த வாரம்; காலை முழுவதும் கையில் இருக்கும், கடினமான தர்க்கப் புதிர்களை அப்போது வையுங்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் புதிதாக எதையும் தொடாமல் ஆங்கிலக் கட்டுரை வாசிப்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினியர்கள் கணிதத்தில் விழுவதில்லை, ஆங்கில வாசிப்பில்தான் விழுகிறார்கள். அதிலும் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவர்கள். இலக்கண விதி படிப்பதால் இது தீராது. தினம் இரண்டு நீண்ட கட்டுரை, அதில் ஒன்றாவது தத்துவம், கலை, மானுடவியல் மாதிரி நமக்கு ஒட்டாத தலைப்பில். படித்து முடித்ததும் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்பதைத் தமிழிலேயே இரண்டு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் கண் மட்டும்தான் படித்திருக்கிறது. ஆறு மாதம் ஆகும். கடைசி இரண்டு மாதத்தில் ஏற்ற முடியாத பகுதி இது மட்டும்தான்.

முழு மாதிரித் தேர்வு குறைந்தது இருபது எழுதுங்கள். எழுதிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு அலசலுக்கு. தேர்வு காலை, மதியம், மாலை என மூன்று அமர்வாக நடக்கும். உங்கள் அமர்வு தெரிந்ததும் மாதிரித் தேர்வையும் அதே நேரத்துக்கு மாற்றுங்கள். தேர்வு நாளுக்கு முந்தைய இரவு நைட் ஷிஃப்ட் வராதபடி அக்டோபரிலேயே ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது மறக்கக் கூடாத காரியம்.

படி 8: சாதிச் சான்றிதழ்

சின்ன விஷயம் போலத் தெரியும்; இடம் பறிபோவது இதனால்தான். தமிழ்நாடு அரசின் பிசி, எம்பிசி சான்றிதழை ஐஐஎம்கள் ஏற்காது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி நான் கிரீமி லேயர் சான்று (பிற்படுத்தப்பட்டோரில் வசதி வரம்பைத் தாண்டாதவர் என்பதற்கான சான்று) வேண்டும். அந்தந்த நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தவர் இ-சேவை வழியாகவும் புதுச்சேரிக்காரர்கள் வருவாய்த் துறை வழியாகவும் வாங்கலாம். மத்திய ஓபிசி பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் சமூகத்தின் பெயர் உங்கள் மாநிலத்துக்கான பட்டியலில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே சான்றிலும் இருக்க வேண்டும். எல்லையில் இரண்டு பக்கமும் சொந்தம் உள்ள குடும்பங்கள் இதைக் கவனிக்கவும். அப்பா என்எல்சி போன்ற பொதுத்துறையில் அதிகாரி நிலையில் இருந்தால் கிரீமி லேயர் கணக்கே வேறு. தாசில்தார் அலுவலகத்தில் ஜூலையிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வேறு இரண்டு வழிகள்

வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைநிலை, ஆன்லைன் எம்பிஏ. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இரண்டும் தொலைநிலைக் கல்வியில் பழம்பெருச்சாளிகள். எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், நீங்கள் சேரும் அதே ஆண்டுக்கு, அதே படிப்புக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று அதன் தளத்தில் பாருங்கள். முந்தைய ஆண்டின் அனுமதி உங்களுக்கு உதவாது. அனுமதியுள்ள பட்டம் நேர்வழிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இல் அறிவித்துவிட்டது. ஆனால் இதில் கேம்பஸ் இன்டர்வியூவை எதிர்பார்க்காதீர்கள். இருக்கும் நிறுவனத்தில் பதவி உயர்வுக்குப் பட்டம் ஒன்று தேவை என்றால் மட்டும் இது சரி. அப்படிப்பட்டவர் எந்த வருஷமும் சேரலாம், காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று புதுச்சேரிக்கே உரியது. குடும்பத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள், பிரான்ஸின் பிசினஸ் ஸ்கூல்களில் மாஸ்டர் இன் மேனேஜ்மென்ட் படிப்பைப் பார்க்கலாம். எம்பிஏ போல அனுபவம் கேட்காது, பி.டெக். முடித்த கையோடு போவதுதான் அங்கே முறை. 30 வயதுக்குள் இருந்தால் வேலையும் படிப்புமாக மாறி மாறி நடக்கும் அப்ரன்டிஸ் ஒப்பந்தத்தில் சேரலாம்; கட்டணத்தை நிறுவனத்தின் தரப்பே ஏற்கும். அதற்கு நிறுவனம் ஒன்றை நீங்களே பிடிக்க வேண்டும், பிரெஞ்சும் நன்றாக வர வேண்டும். இவர்களுக்கு மட்டும் 24 மாதம் காத்திருங்கள் என்ற எங்கள் வாதம் பொருந்தாது.

படி 9: இன்டர்வியூ

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நடக்கும். ஏன் எம்பிஏ, ஏன் எம்.டெக். இல்லை, ஏன் இப்போது என்ற மூன்றும் நிச்சயம் வரும். படி 1-இல் எழுதிய தாளும் படி 3-இன் நோட்டும் இருந்தால் பதில் தானாக வரும். ஊரைப் பற்றியும் கேட்பார்கள். கடலூர்க்காரர் என்றால் சிப்காட் மாசு, 2004 சுனாமி, 2011 தானே புயல், பண்ருட்டிப் பலா, முந்திரி ஏற்றுமதி. புதுச்சேரி என்றால் மாநில அந்தஸ்து, பிரெஞ்சு ஆட்சி முடிந்த கதை, சுற்றுலா வருமானம். சிப்காட்டில் வேலை பார்ப்பவரிடம் மாசு பற்றிக் கேட்டால் நிறுவனத்துக்கு வக்கீலாகவும் வேண்டாம், திட்டித் தீர்க்கவும் வேண்டாம். உங்கள் ஆலையின் கழிவுநீர் எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டி வெளியே போகிறது என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தாலே போதும்.

படி 10: வேலையை விடும் முறை

இறுதி முடிவு ஏப்ரல், மே மாதங்களில் வரும். வகுப்பு ஜூனில் தொடங்கும். உங்கள் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் நாள் போதாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை இப்போதே எடுத்து, நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டி விலகலாமா, கட்டுவது பேசிக்கிலா மொத்தச் சம்பளத்திலா என்று பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பாதிக்குப் பாதி இருக்கும். சர்வீஸ் பாண்ட் இருந்தால் அது முடியும் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். இரண்டு வருஷப் பாண்ட் முடிவதும் 24 மாத இலக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். முடிவு வரும் முன்பே ராஜினாமா கொடுக்காதீர்கள். அதேசமயம் மார்ச்சிலிருந்து விடுப்பைச் சேமித்து வைத்தால் நோட்டீஸ் நாளில் கழித்துக்கொள்ளச் சில நிறுவனங்கள் சம்மதிக்கும்.

அசல் சான்றிதழ்களை நிறுவனத்தில் ஒப்படைத்திருந்தால் கேட்டு வாங்குவதை கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்; அசல் இல்லாமல் அட்மிஷனும் நடக்காது, கடனும் நடக்காது. வெளியே வரும்போது ரிலீவிங் லெட்டர், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் உள்ள அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதப் பே ஸ்லிப், சம்பளத்தில் வரி பிடித்த விவரம் உள்ள ஃபார்ம் 16 நான்கும் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் நீங்கள் போட்ட மாதக் கணக்கும் இந்தத் தேதிகளும் ஒத்துப்போகாவிட்டால் கல்லூரி இடத்தை ரத்து செய்யலாம். பிஎஃப் பணத்தை ஐந்து வருஷம் முடியுமுன் எடுத்தால் வரி விழும். கணக்கை அப்படியே விட்டுவைத்து, அடுத்த வேலையில் அதே யுஏஎன் எண்ணை (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) கொடுங்கள்.